திருத்தப்பட்ட குரல்கள்

கடைக்குள் நுழையும்போதே எந்தப் பெட்டியை வாங்கப் போகிறோம் என்பது ஆல்வினுக்குத் தெரியும். ஹெப்சிக்குத்தான் தெரியாது.

அவர்கள் கணவன் மனைவி. பத்தொன்பது வருடமாகச் சேர்ந்து மேடை ஏறுகிறவர்கள். ஹெப்சி பாடுவாள், ஆல்வின் கிட்டார் வாசிப்பான். இரண்டாம் குரலுக்கு ஹெப்சியின் தங்கை ஜாஸ்லின் இருந்தாள். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரம் புன்னைக்குறிச்சி அவர்கள் ஊர். அந்த வட்டாரத்தில் கல்யாண வரவேற்பு, கோவில் என்று ஊரில் சொல்கிற தேவாலயத்துப் பண்டிகை, கல்லூரி விழா என்று மூவரும் பாடாத இடம் குறைவு. அந்த மே மாதம் ஜாஸ்லின் குடும்பத்தோடு நியூசிலாந்துக்குப் போய்விட்டாள். இரண்டாம் குரலுக்கு ஆள் தேடுவதைவிடப் பெட்டி வாங்குவது எளிது என்று ஆகிவிட்ட காலம் அது.

திருநெல்வேலிக் கடையில் மகிழ்வண்ணன் என்பவர் இரண்டு பெட்டிகளைத் தரையில் வைத்தார். இரண்டும் காலால் மிதித்து இயக்குபவை. மைக்கையும் கிட்டாரையும் ஒன்றாகவே சொருகிக்கொள்ளலாம்.

"இது பழைய மாதிரிக்கா. சார் கிட்டார்ல என்ன கார்டு பிடிக்காரோ அதப் பாத்து உங்க குரலுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு சேர்க்கும். அவ்வளவுதான். அதுக்குச் சொந்தமா அறிவு கிடையாது."

ஹெப்சி மைக்கை எடுத்து ஒரு வரி பாடினாள். இரண்டு ஹெப்சிகள் கூடச் சேர்ந்துகொண்டார்கள். பிறகு வேண்டுமென்றே சுருதியைக் கொஞ்சம் இறக்கிப் பாடினாள். அந்த இரண்டு பேரும் அவளோடு சேர்ந்து இறங்கினார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஜாஸ்லினேதான் இது. நான் தப்புனா கூடவே வந்து தப்புவா."

"இன்னொண்ணு புது மாதிரி, வந்து ஒரு வருஷம் ஆகுது. பேரு இணைகுரல். இதுவும் ரெண்டாம் குரல் சேர்க்கும். பத்து மணி நேரம் நீங்க பாடுறதக் கேட்டா உங்க குரலப் படிச்சு வச்சுக்கிடும். அதுக்கப்புறம் எங்கயாவது குறைஞ்சா, குறைஞ்சத மட்டும் ஒட்டும். வேற யாரு குரலும் இல்ல. உங்க குரல வச்சே உங்க குரலுக்கு ஒட்டுப் போடும்."

கடையில் பத்து மணி நேரத்துக்கு வழியில்லை. ஹெப்சியின் பழைய பதிவு ஒன்றை அதற்கு ஊட்டிக் காட்டினார் மகிழ்வண்ணன். அவள் மறுபடியும் சுருதியை இறக்கிப் பாடினாள். ஒலிபெருக்கியில் சரியான சுருதி வந்தது.

"நான் தப்பாத்தான பாடுனேன்?"

"ஆமாக்கா. கேக்கிற ஆளுகளுக்குத் தெரியாது."

"எனக்கே தெரியலயே."

"காதுல மாட்டுற இயர்போன்லயும் திருத்துனதுதான் வரும். பாடும்போது ரெண்டையும் கேட்டா குழம்பிருவீங்க."

ஹெப்சி இயர்போனைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தாள். "எனக்குப் பழசு போதும் அத்தான். தப்புனா தெரியணும்லா. தெரிஞ்சாத்தான அடுத்த வரியில பிடிக்க முடியும்?"

ஆல்வின் புதிய பெட்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். "கிட்டாருக்கு இதுதான் நல்லாருக்கு ஹெப்சி. எக்கோ, கோரஸ் எல்லாம் உள்ளேயே இருக்கு. தனித்தனியாப் பெட்டியச் சொமக்க வேண்டாம்."

அது பொய் இல்லை. காரணமும் அது இல்லை. பெரிய வெள்ளி ஆராதனையில் அவள் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தபோது, ஓடுகிற மின்விசிறிக்கு முன்னால் நின்று பாடுகிறவளின் குரல்போல அது துண்டு துண்டாக வந்தது. இரண்டு நொடிதான். வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஹெப்சியும் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று முறை அதே நடுக்கத்தை அவன் கேட்டுவிட்டான். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

இணைகுரலையே வாங்கினார்கள்.

பெட்டியின் அமைப்புகளைக் கையகலத் தொடுதிரைப் பலகை ஒன்றில் பார்க்கலாம். அதில் குரலுக்கு ஒரு பக்கம், கிட்டாருக்கு ஒரு பக்கம். குரல் பக்கத்தை ஆல்வின் பார்த்துக்கொண்டான், கிட்டார் பக்கத்தை ஹெப்சி. தன் சத்தம் வெளியே எப்படிப் போகிறது என்பது மேடையில் நிற்பவருக்குத் தெரியாது, மற்றவர்தான் சொல்ல வேண்டும். அவர்கள் எப்போதும் அப்படித்தான் செய்துவந்தார்கள்.

குரல் பக்கத்தின் மூலையில் சிறிதாக ஓர் எண் இருந்தது. வெளியே போகிற குரலில் எத்தனை விழுக்காடு பெட்டி ஒட்டியது என்று அது காட்டும். முதல் கச்சேரியில் ஒன்பது. எல்லாருக்கும் அவ்வளவு இருக்கும் என்று குறிப்பேட்டில் போட்டிருந்தது. ஆல்வினுக்கு மூச்சு வந்தது.

செப்டம்பரில் ஒரு பாட்டு முடிந்ததும் பலகையில் ஒரு கேள்வி எழுந்தது. 'இப்போதைய வரம்பு போதவில்லை. உயர்த்தலாமா?' கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். அடுத்த பாட்டுக்கு ஹெப்சி தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தாள். அவன் 'ஆம்' என்பதைத் தொட்டான்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்த எண் இருபத்தாறு ஆகியிருந்தது. பொங்கலுக்கு முப்பத்தெட்டு. கேள்வி வரும்போதெல்லாம் அவன் விரல் ஒரே பொத்தானுக்குப் போனது. இன்று கச்சேரி முடியட்டும், நாளைக்கு அவளிடம் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வான். மறுநாள் அவள் சந்தோஷமாக இருப்பாள். நேற்றுக் கேட்டவர்கள் போனில் அழைத்துப் பாராட்டியிருப்பார்கள்.

வீட்டில் அவள் மீன் கழுவும்போது முணுமுணுக்கிற பாட்டை அவன் வாசலில் நின்று கேட்பான். அது நடுங்கிக்கொண்டே வரும்.

"இந்த உப்புக் காத்து தொண்டையப் போட்டுப் பாடாப் படுத்துது அத்தான்," என்பாள். "ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கு. ஆனா பாத்தீங்களா, மேடையில ஏறுனா சரியாயிருது. ஆண்டவர் கிருபைதான்."

அவன் தலையாட்டுவான். அவள் நம்பிக்கையோடு பேசப் பேச அவனுக்குப் பயம் கூடியது. மேடை ஏறும்போது உள்ளங்கை வியர்த்துக் கிட்டார் பிக் நழுவியது. பழகிய கார்டுகளுக்கு விரல்கள் தாமதமாகப் போயின. பயந்தவன் கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தான். கோளாறு எதுவும் வெளியே கேட்கவில்லை என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மார்ச் மாதம் பக்கத்து ஊரில் அசனப் பண்டிகை. ஆராதனை முடிந்து ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். உச்சி வெயிலில் மூன்றாவது பாட்டின் நடுவில் இன்வெர்ட்டர் ஒரு கணம் விழுந்து எழுந்தது. இணைகுரல் அணைந்து, மறுபடி உயிர் பெறத் தொடங்கியது. அதற்கு நாற்பது நொடி ஆகும். ஒலி அமைப்பாளர் சட்டென்று மைக்கையும் கிட்டாரையும் நேரடி இணைப்புக்கு மாற்றிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்.

ஒலிபெருக்கியில் ஒரு குரல் வந்தது. மெலிந்து, உடைந்து, சுரத்தைத் தொட முடியாமல் நடுங்குகிற குரல். சாப்பாட்டு இலைகளை விரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரோ ஒரு பெண் முகத்தைச் சுளித்துக் காதில் கைவைத்தாள். ஹெப்சி இரண்டு வரி பாடிய பிறகுதான் அது தன் குரல் என்று புரிந்துகொண்டாள். நிறுத்தவில்லை. பாடிக்கொண்டே திரும்பி ஆல்வினைப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை கீழிறங்கி அவன் கையில் நின்றது.

பெட்டி விழித்துக்கொண்டது. அழகான குரல் திரும்பி வந்தது. மைக் கோளாறு என்று கூட்டம் முடிவு செய்து இலைகளுக்குத் திரும்பியது.

கச்சேரி முடிந்து வகுப்பறை ஒன்றில் சாமான்களைக் கட்டும்போது ஹெப்சி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு அத்தான்?"

அவன் கிட்டார் உறையின் ஜிப்பை மூடிக்கொண்டிருந்தான். அது பாதியில் நின்றது.

"எவ்வளவுன்னு கேக்கேன்."

"அறுபத்து நாலு."

"எப்ப இருந்து?"

"வாங்குன நாள்ல இருந்து கூடிக்கிட்டேதான் வருது. அதுக்கு முன்னாடியே... பெரிய வெள்ளிக்கு உன் குரல் நடுங்குனத நான் கேட்டேன். அதுக்காகத்தான் இந்தப் பெட்டியே வாங்குனேன். சொன்னா நீ பாடவே மாட்டேன்னு பயம். நான்தான் ஒவ்வொரு தடவையும் ஆம்னு அமுக்குனேன் ஹெப்சி."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் பலகையை எடுத்து, கிட்டார் பக்கத்தைத் திறந்து, அவன் பக்கமாகத் திருப்பினாள். அந்த மூலையிலும் ஓர் எண் இருந்தது. நாற்பத்தேழு.

ஆல்வினுக்கு முதலில் விளங்கவில்லை.

"தீபாவளி கச்சேரியிலேருந்து உங்க விரல் சரியா விழல," என்றாள். "கம்பியில பட்டுட்டு நழுவுது. தாளம் பிந்துது. நீங்க கஷ்டப்படுவீகளேன்னு நானும் ஆம்னுதான் அமுக்குனேன்."

வெளியே பந்தி பரிமாறுகிற வாளிகளின் சத்தம் கேட்டது. அவன் தன் வலது கையை விரித்துப் பார்த்தான். பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தேடுவதுபோல மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. எவ்வளவு நாளாக அப்படி அசைகின்றன என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ரெண்டு பேருக்குமா," என்றான்.

"அதான் எனக்குப் பயமா இருக்கு," என்றாள் ஹெப்சி.

திருநெல்வேலியில் நரம்பியல் மருத்துவர் செண்பகவல்லி அவர்களை நடக்கச் சொன்னார். திரும்பி வரச் சொன்னார். ஒரு தாளில் நத்தைச் சுருள் வரையச் சொன்னார். இருவரின் சுருளும் உள்ளே போகப் போகச் சிறுத்து, ஒரு புள்ளியாகக் குழம்பி நின்றது. பென்சில் பிடித்தே பல வருடம் ஆகிறது டாக்டர், எல்லாம் போனிலும் பலகையிலும் பேசித்தானே எழுதுகிறோம் என்று ஆல்வின் சொல்லிப் பார்த்தான். அவர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தத்துல கட்டினவங்களா?"

"இல்ல டாக்டர். இவுக வீடு சாத்தான்குளம் பக்கம். கல்யாணத்துக்கு அப்புறம் எங்க ஊருக்கு வந்துட்டாக," என்றாள் ஹெப்சி.

"ரத்த சம்பந்தம் இல்லாத ரெண்டு பேருக்கு ஒரே வீட்டுல ஒரே மாதிரி வருது. குடிக்கிற தண்ணி எங்க இருந்து வருது?"

ஊர்க் கிணறு வற்றி மூன்று வருடமாகிறது. அப்போது ஊராட்சியிலிருந்து மிக ஆழமாக ஆழ்துளைக் கிணறு போட்டுத் தொட்டியில் ஏற்றினார்கள். தண்ணீர் தெளிவாகவே இருக்கும், உப்புக் கரிக்காது என்று இருவரும் சொன்னார்கள். அவர் ரத்தமும் தண்ணீரும் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வர எட்டு நாள் ஆனது. தண்ணீரில் மாங்கனீசு. அனுமதிக்கப்பட்ட அளவைப்போலப் பல மடங்கு.

"கண்ணுக்குத் தெரியாது. நாக்குக்கும் பெரிசாத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமா மூளைக்குள்ள போய்த் தங்கும். கை, நடை, பேச்சு எல்லாத்தையும் மெதுவாப் பிடிக்கும்," என்றார் செண்பகவல்லி.

"திரும்பி வருமா டாக்டர்?"

"தண்ணிய இன்னைக்கே நிறுத்துங்க. நிறுத்தினா இதுக்கு மேல போறது குறையும். போனதுல எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது. ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா தைரியமாச் சொல்லியிருப்பேன்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு ஒண்ணு புரியல. சாதாரண ஆளுங்களா இருந்தா விடுங்க. நீங்க பாடுறவங்க. உங்க குரல்ல முதல்லயே தெரிஞ்சிருக்குமே. எப்படிக் கவனிக்காம விட்டீங்க?"

ஹெப்சிதான் பேசினாள்.

"நல்லாப் பாடிக்கிட்டுத்தான் டாக்டர் இருந்தோம்."

கிளம்பும்போது செண்பகவல்லி மாவட்ட சுகாதாரத் துறைக்கு எழுதுவதாகச் சொன்னார். "ஆனா ஒரு வீட்டு ரிப்போர்ட்டை வச்சு ஊர்க் கிணத்தை மூட மாட்டாங்க. இன்னொரு தடவை சோதிக்கணும்பாங்க, மாசக்கணக்கில இழுக்கும். ஊர்ல வேற யாருக்கும் இது இருக்கா? இருந்தா பேரும் வயசும் போட்டு ஒரு பட்டியல் கொண்டு வாங்க."

பேருந்து நிலையத்துக்கு நடந்தார்கள். வேறு யாருக்கு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? போனில் பேசினால் போனே குரலைச் சுத்தம் செய்து அனுப்புகிறது. மீன் ஏலம் கூறுகிறவர் கழுத்தில் ஒரு பெட்டி தொங்குகிறது. கோவிலில் போன வருடம் இணைகுரலின் பெரிய செட்டையே மாட்டினார்கள். கூரையிலிருந்து தொங்கும் மைக்குகள் மொத்த சபையின் பாட்டையும் வாங்கித் திருத்தி, வரிசை வரிசையாக இருக்கும் ஒலிபெருக்கிகளில் உடனே திருப்பிக் கொடுக்கும். அதைக் கேட்பதற்கென்றே பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

"பெட்டி வித்தவருக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தக் கடைக்குப் போவோம்," என்றாள் ஹெப்சி திடீரென்று.

மகிழ்வண்ணன் அவர்களை உட்காரவைத்து, சொன்னதையெல்லாம் கேட்டார். கடையில் வேறு ஆள் இல்லை. எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மாசா மாசம் கம்பெனியில இருந்து ஒரு படம் வரும்," என்று தன் திரையைத் திருப்பினார். "எந்த ஊர்ல பெட்டிங்க எவ்வளவு திருத்துதுன்னு. திருத்தம் கூட எடுக்கிற ஊர்ல அடுத்த பெரிய பெட்டிய விக்கச் சொல்லுவாங்க."

மாவட்ட வரைபடம் முழுக்க வெளிர் மஞ்சளாக இருந்தது. கடலோரத்தில் ஒரே ஓர் இடம் கருஞ்சிவப்பாக இருந்தது. பெயர் படிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"எத்தனை பெட்டி?" என்று கேட்டான் ஆல்வின்.

"கோயில் செட்டு போக நாப்பத்தொண்ணு."

"இது எத்தனை மாசமா இப்படி இருக்கு?"

"ஒண்ணரை வருஷமா இருக்கும் சார். உங்க ஊர்ல பாட்டு ஆசை ஜாஸ்தின்னு நினைச்சேன். கோயிலுக்குப் பெரிய செட்டைப் பேசி வித்ததே இந்தப் படத்தப் பாத்துத்தான்." அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. "சத்தியமா எனக்கு வேற எதுவும் தோணல."

"கம்பெனியில யாருக்கும் தோணலயா?"

"அவங்களுக்கு இது விற்பனைப் படம் சார். வேற மாதிரி யாரு பாக்கப் போறா?"

அந்தப் படத்தைத் தரும்படி ஹெப்சி கேட்டாள். வாடிக்கையாளர் ரகசியம், கொடுத்தால் வேலை போய்விடும் என்றார். பிள்ளை குட்டி இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னார். அவர்கள் வற்புறுத்தவில்லை.

சனிக்கிழமை காலை போதகர் ஞானதிரவியத்தின் வீட்டுக்குப் போனார்கள். தண்ணீர் விஷயத்தைச் சொல்லிவிட்டு ஹெப்சி கேட்டது ஒன்றே ஒன்று. நாளைக்கு ஆராதனையில் ஒரே ஒரு பாட்டுக்கு அந்தச் செட்டை அணைக்க வேண்டும்.

"சபைய சோதனைக்கூடமா ஆக்க முடியாதும்மா," என்றார் அவர். "பயம் ஒருத்தருகிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டும். வயசானவங்க இருக்காங்க, பிள்ளத்தாய்ச்சிப் பொண்ணுங்க இருக்காங்க. அரசாங்கத்துக்கு எழுதியாச்சுல்ல, அவங்க வந்து பாக்கட்டும்."

அவர் சொன்னது நியாயமாகவே இருந்தது. ஆல்வின் எழுந்துவிட்டான். அப்போதுதான் அவர் தேநீர் டம்ளரை எடுத்தார். வலது கையால் பிடித்து, இடது கையை அடியில் கொடுத்து, உதட்டை டம்ளருக்குக் கொண்டுபோனார்.

"ஐயா," என்றான் ஆல்வின். "எவ்வளவு நாளா ரெண்டு கையால பிடிக்கீக?"

போதகர் டம்ளரைக் கீழே வைக்கப் பார்த்தார். தட்டில் பட்டு அது கடகடவென்று சத்தமிட்டது. அந்தச் சத்தம் நிற்க நேரமானது. உள்ளிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தாள். டம்ளரில் இருந்தது எந்தத் தண்ணீரில் போட்ட தேநீர் என்பது மூவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

"ரெண்டாம் பாட்டு," என்றார் அவர் கடைசியில். "அதுக்கு அணைங்க."

ஞாயிற்றுக்கிழமை கோவில் நிறைந்திருந்தது. முதல் பாட்டு வழக்கம்போல எழும்பியது. முந்நூறு குரல்கள் நான்கு பகுதிகளாகப் பிரிந்து, ஒரு பிசிறில்லாமல் கூரையைத் தொட்டு இறங்கின. வெளியூரிலிருந்து வந்த சிலர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார்கள். ஆல்வின் பக்கவாட்டு அறையில், செட்டின் முன்னால் நின்றிருந்தான். பலகையில் எழுபத்தொன்று என்று காட்டியது. தன் வாழ்நாளில் எந்த எண்ணைப் பார்த்தும் அவன் அவ்வளவு பயந்ததில்லை.

இரண்டாம் பாட்டு தொடங்கியது. முதல் சரணம் முடிகிற இடத்தில் அவன் சுவிட்சை அணைத்தான்.

ஒலிபெருக்கிகள் நின்றன. மனிதர்கள் மட்டும் பாடினார்கள். முதலில் யாருக்கும் எதுவும் புரியவில்லை, பழக்கத்தில் பாடிக்கொண்டே போனார்கள். ஏறக்குறைய எல்லாக் குரல்களும் நடுங்கின. ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தில் நடுங்கியதால் கோவிலுக்குள் ஏதோ இறகடிப்பதுபோல் இருந்தது. உயர்ந்த சுரத்துக்குப் போக வேண்டிய இடத்தில் யாரும் போய்ச் சேரவில்லை. ஆண்கள் பக்கம் ஒருவர் நிறுத்தினார். பிறகு அவர் வரிசை நிறுத்தியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மீன் ஏலம் கூறுகிறவர் தன் தொண்டையை விரல்களால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கடைசியில் பாடிக்கொண்டிருந்தது வெளியூர்க்காரர்கள் நான்கைந்து பேர்தான். அவர்களும் திகைத்து நிறுத்தினார்கள்.

ஹெப்சி முன்னால் வந்து நின்றாள். மைக் இல்லை. நடுங்குகிற குரலிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். கிணறு, பரிசோதனை, டாக்டர் கேட்ட பட்டியல். தான் ஒரு வருடம் கெட்டுப்போன குரலோடு மேடை மேடையாகப் பாடியதையும் சொன்னாள். அவள் சொன்னதைவிட, சொல்கிற குரலை அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் பக்கம் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை புஷ்பலீலா எழுந்தாள். ஓட்டுக் கொட்டகையில் மைக்கோ பெட்டியோ இல்லாமல் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள் அவள்.

"என் பிள்ளைகளுக்கு ரெண்டு வருஷமா சுருதியே நிக்கல," என்றாள். "பெரியவங்க இவ்வளவு நல்லாப் பாடுதாகளே, இதுகளுக்கு மட்டும் என்ன கேடுன்னு நினைச்சேன். கவனம் இல்லன்னு அடிச்சேன். ஸ்கேலால அடிச்சேன் ஹெப்சி."

அவள் உட்காரவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் கையைப் பிடித்து இழுத்தும் நின்றுகொண்டே இருந்தாள்.

பட்டியல் எழுதத் தொடங்கினார்கள். போதகர் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் இருந்த மேசையில் வைத்தார். மக்கள் வரிசையாக வந்து நின்றார்கள், பிள்ளைகளை முன்னால் விட்டு. ஹெப்சி நான்கு பெயர்கள் எழுதினாள். ஐந்தாவது பெயருக்கு வரும்போது, முதலில் எழுதியதை அவளாலேயே வாசிக்க முடியவில்லை. எழுத்துகள் சிறுத்துச் சிறுத்துக் கோடாகிவிட்டிருந்தன. ஆல்வின் பேனாவை வாங்கினான். அவனுக்கும் அதேதான். போதகர் கையை நீட்டவே இல்லை.

பெயர்களைப் பேசியே பதிவு செய்து அனுப்பிவிடலாம் என்று யாரோ பலகையை நீட்டினார்கள். ஹெப்சி வேண்டாம் என்றாள். அது எதைத் திருத்தும், எதை விடும் என்று இனி அவளுக்கு நம்பிக்கை இல்லை.

"இந்தத் தண்ணி குடிக்காத ஆளு யாராவது இருக்கீகளா? வெளியூர்க்காரங்க?"

வந்திருந்த வெளியூர்க்காரர்கள் பயந்து ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு புதுப் பெண் தயங்கி எழுந்து வந்தாள். மார்த்தாண்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், பெயர் ஆஷ்னி. கழுத்தில் தாலி புது மஞ்சளாக இருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை வாங்கினாள். உருண்டையான, திருத்தமான எழுத்து. முதலில் பிள்ளைகள், பிறகு பெரியவர்கள். பெயர், வயது, தெரு. மதியம் தாண்டியும் வரிசை குறையவில்லை. யாரும் குழாயில் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. நாக்கு வறண்டு நின்றார்கள்.

பிற்பாடு கலெக்டர் அலுவலகத்துக்குப் போனது அந்த நோட்டுத்தான். இருநூற்றுப் பதினெட்டுப் பெயர்கள் இருந்தன. ஒன்பதாம் நாள் கிணற்றை மூடி லாரியில் தண்ணீர் அனுப்பினார்கள். டாக்டர் செண்பகவல்லி ஊருக்கே வந்து, அந்தக் கையெழுத்தை வாசித்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

ஆனால் அன்று கோவிலில், கடைசி ஆளும் நகர்ந்த பிறகு, ஆஷ்னி பேனாவை மூடவில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா," என்றாள். "நான் இங்க வந்து பதினெட்டு நாளாச்சு. என் பேரையும் எழுதணுமா?"

ஹெப்சி அவள் தோளில் கையை வைத்தாள். கை நடுங்கியது, எடுத்துக்கொண்டாள்.

"எழுதும்மா," என்றாள்.